வியாழன் கோளின் ஒலியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம்

இந்த வலைப்பூவில் ஒன்பது வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்ரிநாத் முதல் பவானி வரை எழுதியாயிற்று. “பக்கத்தில் இருக்கிற மாமல்லபுரத்தைப் பற்றி மட்டும் ஏன் மேடம் எழுதவே இல்லை?” என்று மூன்று பேர் பின்னூட்டத்தில் கேட்டுவிட்டார்கள். நான்காவதாக ஒருவர், செங்கல்பட்டில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸில் போனால் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார். அந்த வழியில் நான் போனது ஒரே ஒரு முறை. 1976 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆகவே கீழே இருக்கும் நேரமும் கட்டணமும் அன்றைக்கு உள்ளவை. டைரியில் குறித்து வைத்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எதற்காகப் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லீவில் ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஒருவரைத் திரும்ப அழைத்து வரப் போனேன். அவர் வந்தால் அவருடைய வேலை பிழைக்கும், எனக்கும் பேச ஓர் ஆள் கிடைக்கும் என்பது என் கணக்கு.

அவர் பெயர் ஏகாம்பரம். மெட்ராஸில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் அவரும் நானும் ஆய்வுக்கூட உதவி ஆசிரியர்கள். நான் “சார்” என்பேன், அவர் “மிஸ்” என்பார், ஆறு வருடமும் அப்படியேதான். கல்லூரியின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அங்கே ஒரு கருவி, பூமியின் காந்தப்புலம் மணிக்கு மணி எப்படி ஏறி இறங்குகிறது என்று காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டை அளவுகோல் வைத்து அளந்து அவர் எண்ணைச் சொல்வார், நான் பதிவேட்டில் எழுதுவேன். உலகத்திலேயே அலுப்பான வேலை அது. எனக்கு அதைவிட்டால் வேறு சந்தோஷம் இருந்ததில்லை. மகளிர் விடுதியில் ஒரு கட்டில், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது, சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுப்பது. மற்றதெல்லாம் அந்த அறைதான்.

1974-இல் அவர் கண்ணில் கோளாறு வந்தது. முதலில் கோட்டின் நுனி தெரியவில்லை என்றார். பிறகு கோடே தெரியவில்லை. டாக்டர்கள் நரம்பு போய்விட்டது என்று கைவிரித்தார்கள். செப்டம்பரில் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்தான், ஒரு கார்டு கூட இல்லை. நானும் போடவில்லை. பார்வை போனவருக்குக் கடிதம் எழுதினால் யாரோ ஒருவர் அதை உரக்கப் படித்துத்தானே காட்ட வேண்டும்! அந்தக் கூச்சம் எனக்கு. நேரில் போகலாம் என்றால், கல்யாணமாகாத ஒரு பெண் வெறுங்கையோடு போய் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஓர் அட்டவணை கைக்கு வந்தது. 1973 டிசம்பரில் ஒரு விண்கலம் வியாழன் கோளை முதன்முதலாகக் கடந்து போயிற்று அல்லவா, அது வழியில் அளந்த காந்தப்புலத்தின் எண்கள். பத்து நிமிடத்துக்கு ஓர் எண், ஒன்பது நாளுக்கு. நகலின் நகல் என்பதால் பக்கத்தின் அடிப்பகுதி மங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. கண்ணுக்குக் கோடாகத் தெரிவதைக் காதுக்கு ஒலியாக ஆக்கினால் என்ன? ஆய்வுக்கூடத்தில் ஒலி எழுப்பும் ஆசிலேட்டர் இருந்தது. டயலைத் திருப்பினால் சுருதி ஏறும், இறங்கும். எண் சின்னதானால் தாழ்ந்த சுருதி, பெரிதானால் உயர்ந்த சுருதி, ஓர் எண்ணுக்கு அரை நொடி என்று முறை வைத்துக்கொண்டேன்.

மொத்தம் ஆயிரத்து முந்நூறுக்குச் சற்றுக் குறைவான எண்கள். ஒவ்வொன்றுக்கும் டயலைத் திருப்பி வைத்து, டேப் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தி, அரை நொடியில் எடுக்க வேண்டும். கை தாமதித்தால் அழித்துவிட்டு மறுபடி. கல்லூரி முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டு முறை பாதியில் பிடிக்காமல் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றேகால் வருடம் ஆயிற்று. கடைசியில் பதினொரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கேசட் கிடைத்தது.

அதற்குள் துறைத் தலைவர் பொறுமை இழந்துவிட்டார். ராஜினாமாக் கடிதத்தை அவரே டைப் அடித்து என்னிடம் கொடுத்தார். “திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா. இல்லேன்னா வேலைக்கு வராததால நீக்கம்னு எழுத வேண்டி வரும். அது அவருக்குத்தான் அசிங்கம்” என்றார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கடிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கேசட்டைக் கேட்டு ஏகாம்பரம் சார் காதாலேயே காந்தப்புலத்தைப் படித்துவிட்டால், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அவரைக் கையோடு கூட்டி வந்து துறைத் தலைவர் முன்னால் உட்கார வைப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

இனி வழி. எழும்பூரிலிருந்து காலை 6.50-க்குப் பாசஞ்சர் வண்டி. செங்கல்பட்டு 56 கிலோமீட்டர், இரண்டாம் வகுப்பு ஒரு ரூபாய் எண்பத்தைந்து பைசா. என்னிடம் ஒரு கைப்பை, தயிர்சாதப் பொட்டலம், மொழித்துறையில் கெஞ்சி வாங்கிய கேசட் ரிக்கார்டர். ஆறு பேட்டரி போட்டால் மூன்றரைக் கிலோ கனக்கும் அந்த ரிக்கார்டர். தாம்பரம் தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. எதிரில் ஒரு பூக்கார அம்மா மட்டும், சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்க வேண்டியவர்.

“இன்னாமா அது, ரேடியோவா?”

“டேப்பு.”

“ஒரு பாட்டு போடேன், கேப்போம்.”

“பாட்டு இல்லம்மா. வியாழன்னு கிரகம் இருக்கில்ல, அதோட சத்தம்.”

“குருவா!” என்று அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எம் பொண்ணுக்கு குரு பலன் வந்துடுச்சான்னு கேட்டு சொல்லு. ரெண்டு வருசமா பையன் தேடறோம், ஒண்ணும் குதிர மாட்டேங்குது.” பிறகு என் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உனக்கும் இன்னும் வர்ல போலக்குது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இறங்கும்போது ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளிக் கையில் வைத்துவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை. அதன் பிறகு செங்கல்பட்டு ஏரி வரும் வரைக்கும் அந்தப் பெட்டியில் நான் மட்டும்தான். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. வண்டி 8.35-க்குப் போய்ச் சேர்ந்தது.

என்னிடம் இருந்த ஒரே விலாசம் செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பில் அவருடைய அண்ணன் வீடு. ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை. அண்ணன் டூட்டிக்குப் போயிருந்தார், அண்ணிதான் கதவைத் திறந்தார்.

“ஏகாம்பரம் சார் இருக்காரா?”

“அவரு இங்க இல்லியேமா. குப்பத்துல எங்க மாமியார் வூட்ல கீறாரு. அங்க போயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதான் அந்த மிஸ்ஸா?”

ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் காபி கொண்டு வந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். பிறகு குப்பத்துக்கு வழி சொன்னார். “கொஞ்சம் முன்னாடி வந்துருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். இதற்கு முந்தின வண்டியில் வந்திருக்கலாம் என்று சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டில் பஸ் 9.40-க்கு. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், 29 கிலோமீட்டர், ஒரு ரூபாய் பதினைந்து பைசா. ரிக்கார்டர் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்று கண்டக்டர் பிடிவாதமாக நின்றார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று நான் நின்றேன். “பெட்டி எதுனா ஆச்சின்னா என்ன வந்து கேக்கக்கூடாது” என்று விட்டுவிட்டார். திருக்கழுக்குன்றத்தில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள், டிரைவர் டீ சாப்பிட. பாதிப் பேர் மலைமேல் கழுகு பார்க்க இறங்கிப் போய்விட்டார்கள். நீங்கள் போனால் நேரம் பார்த்து மலை ஏறுங்கள், நான் ஏறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அவரைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டு மூலையில் தாடியோடு உட்கார்ந்திருப்பார், என் குரலைக் கேட்டதும் உடைந்துவிடுவார், நான் ஆறுதல் சொல்வேன். இப்படி வரி வரியாக எல்லாம் தயார்.

மாமல்லபுரத்தில் இறங்கும்போது 11.05. ஐந்து ரதம் காட்டுகிறேன் என்று ஒருவர் கூடவே வந்தார், வேண்டாம் என்றதும் கடற்கரைக் கோயிலாவது காட்டுகிறேன் என்றார். கல்தச்சர்களின் உளிச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அங்கிருந்து வடக்கே, புலிக்குகைக்குக் கொஞ்சம் முன்னால், நாலு கிலோமீட்டரில் குப்பம். ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல். ஈரமணலில் நடங்கள், கால் புதையாது. ஒரு மணி பத்து நிமிடம் நடந்தேன், வழியில் ஓர் ஆள் கூடப் பார்க்கவில்லை. கையை மாற்றி மாற்றிப் பெட்டியைத் தூக்கியதில் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டன.

குப்பத்துக்குள் நுழையும்போது 12.15. கட்டுமரங்கள் கரை ஏறியிருந்தன. மணலில் மீனைக் குவித்துக் கூடைக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் விடுகிறவரின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. “பன்னெண்டு… பன்னெண்டேகால்… பன்னெண்டரை, அஞ்சல அக்கா பன்னெண்டரை…” ஆறு வருடம் எனக்கு எண்களைச் சொன்ன குரல். அதே நிதானம். ஆனால் அந்த அறையில் நான் கேட்டிராத ஒரு துள்ளல் அதில் இருந்தது. யார் முணுமுணுத்தாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி இன்னார் என்று பெயர் சொன்னார். சுற்றிலும் ஒரே சிரிப்பு. தாடி கூட இல்லை, நன்றாகக் கறுத்துச் சதை போட்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பொறாமையாக இருந்தது.

அஞ்சலை என்ற அந்தக் கூடைக்கார அம்மாதான் என்னை முதலில் பார்த்தார். “ஏகாம்பரம், யாரோ பட்டணத்துப் பொம்பள பொட்டி வெச்சிகினு நிக்கிது.”

ஏலம் பாதியில் நின்றது. “மிஸ்ஸா?” என்றார் அவர்.

வலை காயப் போட்டிருந்த ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்தோம். அஞ்சலை மீன் குழம்பும் சோறும் கொண்டு வந்தார். நான் தயிர்சாதத்தைப் பிரித்ததும், “கடலாண்ட வந்து தயிர்சோறு துன்றியே கண்ணு” என்று தலையில் அடித்துக்கொண்டார். சாப்பிட்ட கையோடு, நான் என்ன செய்திருக்கிறேன் என்று சாரிடம் சொன்னேன். “ஒரு நம்பருக்கு அரை செகண்டா? போடுங்க” என்றார்.

போட்டேன். ஐந்தாறு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். முதலில் தாழ்ந்த உறுமல், கொஞ்சம் கொஞ்சமாக ஆடிக்கொண்டு. “இன்னாடா இது, தூரத்துல கப்பல் போறாப்ல கீது” என்றார் ஒருவர். சார் கையை உயர்த்தி அவரை அடக்கினார். திடீரென்று சுருதி தாவிக் கரகரவென்று நடுங்கத் தொடங்கியது.

“இங்க சூரியன்லேர்ந்து வர்ற காத்து முட்டுது. சரியா மிஸ்?” என்றார். சற்றுப் பொறுத்து, “இதோ, இப்போ உள்ள பூந்துட்டான். வியாழனோட எடம்.” இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரித்தார். “ஐய, மறுபடி வெளிய தள்ளிட்டானே! எல்லை உள்வாங்கிடிச்சி போல.” அந்த விண்கலத்தைப் பற்றி நான் படித்திருந்த ஆராய்ச்சி அறிக்கையில் அப்படியேதான் எழுதியிருந்தது. விண்கலம் உள்ளே போய், எல்லை பின்வாங்கியதால் வெளியே விடப்பட்டு, மறுபடி உள்ளே போனதாக. அறிக்கையை அவர் படித்ததில்லை. ஒரே தடவை கேட்டதில் சொல்லிவிட்டார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது.

பிறகு ஒலி ஏறிக்கொண்டே போயிற்று. கோளுக்கு மிக அருகில் வரும் இடம். அங்கேதான் என் பெருமை எல்லாம் இருந்தது. ஏறி ஏறிச் சட்டென்று உச்சத்துக்குப் போய் இருபது நொடி விடாமல் ஒரு கூவல். அதைக் கேட்டு விடுதியில் நானே அழுதிருக்கிறேன்.

“யாரோ அழுவுறாப்போல கீதே” என்று அஞ்சலை மார்பில் கை வைத்தார்.

டேப் முடிந்தது. சார் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அந்தக் கூவுற எடத்த மறுபடி போடுங்க, மிஸ்.” போட்டேன். “இங்க இன்னா நம்பரு?”

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது பாயிண்ட் ஒன்பது.”

“எத்தினி?”

“நாப்பது.”

“நாப்பதும் அதேவா?”

“அதேதான். கருவி உச்சத்துல போய் முட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்.”

“அதுக்கு முந்தின நம்பரு?”

“எழுநூத்திச் சொச்சம்.”

“நடுவுல எட்டு நூறு, ஒம்போது நூறு ஒண்ணுமே இல்லாம எப்பிடி எகிறும்? எறங்கும்போதும் அதே மாதிரி தொபீர்னு விழுது. மத்ததெல்லாம் கொஞ்சமாச்சும் நடுங்குது, இது மட்டும் அசையாம நிக்குது.” என் பக்கம் திரும்பினார். “மிஸ், நம்ம ரூம்ல கரண்ட் போனா புக்குல இன்னா எழுதுவோம்?”

மின்சாரம் நின்று கோடு வராத மணிகளுக்குக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். விட்டால், எழுத மறந்தோமா, அளவே இல்லையா என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே நடக்கவே முடியாத ஓர் எண்ணை எழுதுவோம். 999. என் கையாலேயே எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன்! மங்கிப் போன அந்த அடிவரியில் அட்டவணைக்காரர்களும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

“அங்க அளவே இல்ல” என்றார் அவர், மெதுவாக. “ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். நீங்க அத்த அழுகையா ஆக்கிட்டீங்க.”

“அப்போ அழுதது யாரு?” என்று அஞ்சலை கேட்டார்.

“யாரும் இல்லக்கா.”

எல்லோரும் சிரித்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் எழவில்லை. பதினேழு மாதமாக இந்த மனிதரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. அந்த இடத்தையும் நான் இப்படித்தான் நிரப்பி வைத்திருந்தேன். அவர் மூலையில் உட்கார்ந்து அழுகிறார் என்று நானாக ஒரு சத்தத்தை வைத்து, அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. ஆனாலும் விடவில்லை.

“பார்த்தீங்களா சார், நான் கண்ணால பார்த்து கண்டுபிடிக்காததை நீங்க காதால கண்டுபிடிச்சிட்டீங்க. வாங்க, இப்பவே கிளம்பலாம். திங்கட்கிழமை ஹெட்கிட்ட நான் பேசறேன்.” கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அது என்ன கடிதம் என்றும் சொன்னேன். “இதை இங்கேயே கிழிச்சுடறேன்.”

“கிழிக்காதீங்க.” காகிதம் சரசரத்த பக்கம் கையை நீட்டினார். “இத்தப் பண்ண எத்தினி நாளாச்சி மிஸ்?”

“ஒன்னேகால் வருஷம்.”

“மொத மூணு மாசம் நான் செங்கல்பட்டுல அண்ணன் வூட்லதான் இருந்தேன். ஸ்டேஷனாண்ட. மெட்ராஸ்லேர்ந்து வண்டி வரும்போதெல்லாம் வாசல்ல வந்து உக்காந்துக்குவேன். யாராச்சும் வருவாங்கன்னு. யாராச்சும் இன்னா, நீங்கதான். அப்போ நீங்க வந்து ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா, இதெல்லாம் ஒண்ணுமே வாணாம், உங்க பின்னாடியே வந்துட்டிருப்பேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “ஒரு கார்டு போட்டிருக்கலாமே சார்!”

“யார வுட்டு எழுதச் சொல்றது? எங்கண்ணியையா?”

அவருக்கும் அதே கூச்சம்!

“அப்புறம் வண்டி சத்தம் கேட்டாலே பேஜாராயிடுச்சி. இங்க வந்துட்டேன். இப்போ பொழுது விடிஞ்சா நாலு பேரு என்னத் தேடிகினு வரான். அஞ்சல அக்கா தங்கச்சி பொண்ண பேசி முடிச்சிருக்காங்க, வைகாசில கல்யாணம்.” பேனா இருக்கிறதா என்று கேட்டார். “எங்க போடணும், காட்டுங்க.”

ரிக்கார்டரின் மேல் கடிதத்தை விரித்தேன். அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தேன். ஆறு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தோம், அவர் கையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் அவசரப்படாமல் முழுப் பெயரையும் எழுதினார். கடைசி இரண்டு எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது. அதை அப்போது சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

திரும்பும்போது அஞ்சலை கூடவே மாமல்லபுரம் வரை வந்தார், ரிக்கார்டரைத் தலைச்சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு. வழியெல்லாம் மீன் விலை பேசினார். பஸ் ஏறும்போது மட்டும், “மனசுல ஒண்ணும் வெச்சிக்காத கண்ணு” என்றார். பஸ் 3.40-க்கு. அது நேராக மெட்ராஸ் போகிற பஸ், இரண்டே மணி நேரம், இரண்டு ரூபாய் பத்து பைசா. இப்படி ஒரு பஸ் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். விடுதியில் விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். யாரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்தேன். ஜூலையில் அந்த மேஜைக்குப் புதிதாக ஒருவர் வந்தார், சுறுசுறுப்பான பையன், எண்களை வேகமாகச் சொல்வான். கேசட்டில் அந்த நாற்பது எண்களை அழித்துவிட்டு அங்கே இருபது நொடி வெறும் மௌனமாக விட்டேன். மாணவர்களுக்குப் போட்டுக் காட்டும்போது அந்த இடத்தில் டேப் அறுந்துவிட்டது என்று எழுந்துகொள்வார்கள். உட்காருங்கள், இன்னும் முடியவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். ஏகாம்பரம் சாரின் கல்யாணப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நன்றாக இருக்கிறார் என்றோ இல்லை என்றோ நானாக எதையும் எழுதிவைக்கப் போவதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இப்போது செங்கல்பட்டுக்கு நாள் முழுக்க மின்சார ரயில் இருக்கிறது, காலை வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழிப் பஸ்ஸில் போங்கள், சுற்றுவழிதான், ஆனால் ஏரியும் மலையும் பார்க்கலாம். கேளம்பாக்கம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த வழி வீண். பிப்ரவரி நல்ல மாதம். கடற்கரையில் நடப்பதானால் பதினொரு மணிக்குள் நடந்துவிடுங்கள், செருப்பைக் கழற்றாதீர்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பங்களில் ஏலம் நடக்கும்போது தள்ளி நின்று பாருங்கள், குறுக்கே புகுந்து படம் எடுக்காதீர்கள்.

யாரையாவது பார்ப்பதற்காகப் போகிறீர்கள் என்றால் வெறுங்கையோடு போங்கள். எதையாவது செய்து முடித்து எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். காலை 6.50 வண்டியைப் பிடித்து, செங்கல்பட்டில் ஒரு மணி நேரம் நின்று, கடைசி நாலு கிலோமீட்டரை நடந்தே போனாலும், 12.15-க்கு அந்தக் குப்பத்தில் இருக்கலாம். மொத்தம் ஐந்து மணி இருபத்தைந்து நிமிடம். எனக்குப் பதினேழு மாதம் ஆயிற்று.